தோல் லேசரும் ஒளி சிகிச்சையும்: எது காசுக்குத் தகும், எது வெறும் வெளிச்சம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தோல் கிளினிக்குகளில் கிடைக்கும் ஒளி சிகிச்சைகளில் முதலிடம், இரும்பு அலமாரி மாதிரி மூலையில் நிற்கும் யுவி விளக்குப் பெட்டிக்கு. கடைசி இடம், விளம்பரப் பலகையில் முதலில் நிற்கும் 'லேசர் டோனிங்'குக்கு. முடி நீக்கம் சரியான அலைநீளத்தில் செய்தால் சொன்னதைச் செய்யும். டாட்டூ அழிப்பும் அப்படியே, பொறுமை இருந்தால். பருத் தழும்புக்கு லேசர் பாதி வேலைதான் செய்யும். வீட்டில் மாட்டிக்கொள்ளும் எல்இடி முகமூடியால் கெடுதல் குறைவு, பலனும் குறைவு.

மாநிறம் முதல் கருமை வரையிலான தோலை மனதில் வைத்துப் போட்ட வரிசை இது. வெளுத்த தோலுக்கு வரிசை கொஞ்சம் மாறும். ஏன் மாறும் என்பது புரிந்துவிட்டால் கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி தானாக வந்துவிடும்.

லேசர் தோலை எரிப்பதில்லை, தோலுக்குள் இருக்கும் ஒரு நிறத்தைத் தேடிப் போய்ச் சூடாக்குகிறது. முடி வேரில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமி, ரத்தக் குழாயில் ஓடும் ஹீமோகுளோபின், டாட்டூ மை, திசுவில் உள்ள தண்ணீர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலைநீளத்தை விழுங்கும். விழுங்கிய சூடு பக்கத்தில் பரவுவதற்குள் ஒளித் துடிப்பை நிறுத்திவிட்டால் இலக்கு மட்டும் சாகும், சுற்றியிருப்பது பிழைக்கும். 1983-ல் ஆண்டர்சனும் பாரிஷும் எழுதி வைத்த கோட்பாடு இது. இன்றைய தோல் லேசர்களில் பெரும்பாலானவை இதன் மேல்தான் நிற்கின்றன. சின்னப் பொருள் சீக்கிரம் ஆறும், பெரிய பொருள் மெதுவாக ஆறும். அதனால் மெலனின் துகளுக்கு நானோ வினாடித் துடிப்பு, முடி வேருக்குப் பத்து இருபது மில்லி வினாடித் துடிப்பு.

சிக்கல் எங்கே என்றால், கருமையான தோலில் மேல்தோலிலேயே மெலனின் நிறைய இருக்கிறது. வேருக்குப் போக வேண்டிய ஒளியை வாசலிலேயே அது பறித்துக்கொள்ளும். கொப்புளம், கருமைத் தழும்பு, வெள்ளைத் திட்டு எல்லாம் பெரும்பாலும் இந்த வாசல் விபத்துகள்தான். அலைநீளம் கூடக் கூட மெலனின் விழுங்குவது குறையும், ஒளி ஆழமாகவும் போகும். அதனால்தான் கருமையான தோலுக்கு 1064 நானோமீட்டர் என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது.

முடி நீக்கம்

சந்தையில் மூன்று லேசர்: 755 அலெக்சாண்ட்ரைட், 800–810 டயோட், 1064 லாங் பல்ஸ் என்டி-யாக். கூடவே லேசர் என்ற பெயரில் விற்கப்படும் ஐபிஎல். ஐபிஎல் லேசரே அல்ல. கேமரா ஃபிளாஷ் மாதிரி ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை எல்லா நிறத்தையும் ஒன்றாகக் கொட்டும் விளக்கு, முன்னால் ஒரு ஃபில்டர் கண்ணாடி. வெளுத்த தோலில் நன்றாக வேலை செய்யும். கருமையான தோலில் ஃபில்டர் தப்பாகப் போட்டாலோ, ஜெல் மெலிந்தாலோ, அந்தச் செவ்வகக் கண்ணாடியின் அச்சு அப்படியே காலில் பதியும். தோல் நிறத்தை வெளுப்பிலிருந்து கருமை வரை ஆறாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் ஐந்து, ஆறாம் வகைத் தோலுக்கு ஐபிஎல் வேண்டாம். நான்காம் வகைக்கு அனுபவமுள்ள கையில் டயோட் சரி. ஐந்து, ஆறுக்கு 1064 மட்டுமே நிம்மதி. 1064-ல் மெல்லிய முடிக்குப் பலன் குறைவு, வலியும் கொஞ்சம் கூட. அந்த விலையைக் கொடுத்துத்தான் பாதுகாப்பை வாங்க வேண்டும்.

'நிரந்தரமாகப் போய்விடும்' என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிதானிக்கவும். இந்தக் கருவிகளுக்கு அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தந்திருக்கும் சொல்லே 'நிரந்தரக் குறைப்பு'தான், நீக்கம் அல்ல. வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே லேசருக்கு மாட்டும். ஒரு நேரத்தில் எல்லா முடியும் அந்தப் பருவத்தில் இருக்காது. ஆகவே ஆறு முதல் எட்டு சிட்டிங். முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளி, கை காலுக்கு ஆறு முதல் பத்து வாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லும் பேக்கேஜ், முடியின் சுழற்சியைப் பார்த்துப் போட்டதல்ல, தவணைக் கணக்கைப் பார்த்துப் போட்டது.

வெள்ளை முடிக்கும் செம்பட்டை முடிக்கும் வேலை செய்யாது. இலக்கு கறுப்பு மெலனின், அங்கே அது இல்லை அல்லது போதாது. தாடையிலும் கழுத்திலும் ஹார்மோன் கோளாறால் வரும் முடிக்கு வேலை செய்யும், ஆனால் உள்ளே காரணம் இருக்கும் வரை புதிதாக வந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு பராமரிப்பு சிட்டிங் போட வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லும் டாக்டரை நம்பலாம். முகத்தில் மெல்லிய பூனைமுடியின் மேல் குறைந்த சக்தியில் அடித்தால் அது தடித்து வளர்வதும் உண்டு. கன்னத்துப் பூனைமுடிக்கு லேசரே வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

தயாரிப்பு எளிது. நான்கு வாரத்துக்கு முன்பிருந்தே வேக்சிங், த்ரெட்டிங், பிடுங்கல் எதுவும் கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் லேசர் யாரைச் சுடும்? ஷேவ் மட்டும், முந்தின நாள். நீளமாக விட்டுவிட்டு வந்தால் ஒளி தோலுக்கு மேலேயே முடியைக் கருக்கும், அந்தச் சூடு தோலில் இறங்கும். வெயிலில் கருத்திருக்கும் வாரத்தில் தள்ளிப்போடவும்.

சரியாகப் பட்டதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அடித்த சில நிமிடங்களில் ஒவ்வொரு முடியின் அடியிலும் புல்லரிப்பு மாதிரி ஒரு சின்ன மேடு எழும்பும், அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். முடி கருகிய வாடை வரும். மேடுகளுக்கு இடையில் இருக்கும் தோல் பழைய நிறத்திலேயே இருக்க வேண்டும். அந்த இடைவெளித் தோல் சாம்பல் பூத்தாலோ, வெளுத்தாலோ, லேசாகத் தேய்த்தால் உரியும் போல் இருந்தாலோ, சக்தி அதிகம். உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். மறுபக்கம், மேடே எழவில்லை, வாடையும் இல்லை, வலியும் இல்லை என்றால் வெறும் வெளிச்சம் அடித்திருக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முடி முளைப்பது போல் மேலே வந்து உதிரும். அது வளர்ச்சி அல்ல, செத்த முடி வெளியேறுவது. துணியால் தேய்த்தாலே வந்துவிடும்.

'வலியே இல்லை' என்று விளம்பரம் செய்யப்படும் வழுக்கிச் செல்லும் முறையில், குறைந்த சக்தியை வினாடிக்குப் பத்து முறை வரை அடித்து ஒரே இடத்தில் பலமுறை ஓட்டுவார்கள். முறையில் தப்பில்லை. ஒரு சதுரத்துக்கு மொத்தம் இத்தனை ஜூல் என்று கருவி கணக்கு வைக்கும், அந்தக் கணக்கு முடியும் வரை ஓட்ட வேண்டும். அவசரத்தில் பாதியில் நிறுத்தினால் முடி மெலியும், சாகாது.

லேசர் டோனிங்கும் மங்கும்

மங்கு, அதாவது முகத்தில் படரும் பழுப்புத் திட்டு (மெலாஸ்மா), மேலே பூசிய கறை அல்ல, துடைத்து எடுக்க. நிறம் தயாரிக்கும் செல்கள் வெயிலுக்கும் ஹார்மோனுக்கும் சூட்டுக்கும் அளவுக்கு மீறித் துள்ளுகிற நிலை. டோனிங் என்றால் நானோ வினாடித் துடிப்பில் அடிக்கும் 1064 கியூ-ஸ்விட்ச்டு லேசரைக் குறைந்த சக்தியில், பெரிய ஸ்பாட்டில், வாரம் ஒருமுறை முகம் முழுக்க ஓட்டுவது. முதல் சில சிட்டிங்கில் முகம் வெளுத்தது போலத் தெரியும். போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடுவது அந்தக் கட்டத்தில்தான். நிறுத்தினால் திரும்ப வரும், சிலருக்கு முன்பைவிடக் கூடுதலாக.

அது கூடப் பரவாயில்லை. நிறைய சிட்டிங் சேர்ந்த பிறகு சிலருக்கு முகத்தில் அரிசி மணி அளவில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிப் போட்டது மாதிரி வரும். அந்த நிறம் திரும்புவது மங்கை விடக் கடினம். ஐபிஎல் இன்னும் மோசம், அது முகத்தையே சூடேற்றுகிறது.

மங்குக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன், அதுவும் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைத் தூண்டும், நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. அடுத்து ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மெல்லிய ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம், டாக்டர் கணக்கில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் மட்டும். மாதக்கணக்கில் சுயமாகப் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலித்து வேறு கதையைத் தொடங்கும். டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை பலருக்கு உதவுகிறது. ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் அந்த அபாயம் உள்ளவர்களுக்கும் கூடாது. இதெல்லாம் தோற்ற பிறகுதான் லேசர் பேச்சு. முதல் நாளே பத்து சிட்டிங் பேக்கேஜ் நீட்டினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கியூ-ஸ்விட்ச்டு லேசர், சக்தியைக் கூட்டி, ஓட்டா மச்சத்துக்கு அடித்தால் பிரமாதமாக வேலை செய்யும். கண்ணைச் சுற்றி, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் படரும் மச்சம் அது. சில மாத இடைவெளியில் பல சிட்டிங் போட்டால் பெரும்பாலானோருக்கு நன்றாக வெளுக்கிறது, திரும்புவதும் அரிது. ஒரே மெஷின், ஒரே முகம், இரண்டு முடிவு. எனவே மெஷினின் பெயரை விட, 'இது மங்குதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?' என்ற கேள்வி முக்கியம்.

சாதாரண மச்சம் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. வளர்ந்துகொண்டிருக்கும், நிறம் மாறிய, ஓரம் ஒழுங்கற்ற மச்சத்தை லேசரால் சுடக்கூடாது. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதைப் பொசுக்கிவிட்டால் பார்க்கத் திசுவே இருக்காது.

விளக்குப் பெட்டி

இப்போது நல்ல செய்தி. சொரியாசிஸ், வெண்புள்ளி, தீராத எக்ஸிமா மூன்றுக்கும் நேரோபேண்ட் யுவிபி என்ற பெட்டி பல ஆண்டுகளாக அமைதியாக உழைக்கிறது. உள்ளே சுற்றிலும் நீள டியூப்கள், 311 நானோமீட்டரில் உச்சம் தொடும் ஒளி. உடைகளைக் களைந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நின்றால் சில வினாடியிலிருந்து சில நிமிடத்தில் முடிந்துவிடும். வலி இல்லை, ஊசி இல்லை, மாத்திரை இல்லை. கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். வாரம் மூன்று நாள் வர வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் என்பதுதான் பெரிய குறை. பலர் பாதியில் விடுவதும் அதனால்தான்.

ஒளிக்கு டோஸ் உண்டு, மருந்து மாதிரி. வெண்புள்ளிக்கு வழக்கமாக ஒரு சதுர செ.மீட்டருக்கு 200 மில்லிஜூலில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் ஏற்றுவார்கள். இலக்கு, வெள்ளைத் திட்டில் இளஞ்சிவப்பு தட்டி ஒரு நாளுக்குள் அடங்குவது. அந்தச் சிவப்பு மறுநாளும் தொட்டால் எரிந்தால் டோஸ் அதிகம். அடுத்த முறையைத் தள்ளிப்போட்டு, ஆறிய பின் குறைத்துத் தொடங்க வேண்டும். யுவி சிவப்பு உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து எட்டிப்பார்த்து ஒரு நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். அதனால் 'வெளியே வரும்போது ஒன்றுமே இல்லையே, கொஞ்சம் கூட்டுங்கள்' என்று ஆபரேட்டரிடம் சொல்வது வம்பை விலைக்கு வாங்குவது.

பெட்டியில் தப்பு நடப்பது பெரும்பாலும் நேரத்துக்கும் டோஸுக்கும் உள்ள குழப்பத்தில். கணக்கு சின்னது: டோஸை டியூபின் வெளிச்ச அளவால் வகுத்தால் வினாடி வரும். வெளிச்சம் 5 மில்லிவாட் என்றால் 300 மில்லிஜூலுக்கு 60 வினாடி. டியூப் பழசாகி 3 மில்லிவாட்டுக்கு இறங்கியிருந்தால் அதே டோஸுக்கு 100 வினாடி ஆகும். மீட்டர் வைத்து அளக்காமல், கார்டில் எழுதிய 'ஒரு நிமிடம்' என்பதையே பின்பற்றும் இடத்தில் நோயாளி மாதக்கணக்கில் 180 மில்லிஜூல்தான் வாங்கிக்கொண்டிருப்பார், 'எனக்கு ஒளி சிகிச்சை கேட்கவில்லை' என்று முடிவு கட்டுவார். ஒரு நாள் புது டியூப் மாட்டுவார்கள். அன்றும் பழைய நிமிடக் கணக்கில் நிறுத்தினால் உடம்பு முழுக்கப் பொசுங்கும். கார்டில் நிமிடம் மட்டும் இருந்து மில்லிஜூல் இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு முதலிடம் கிடையாது.

சிட்டிங் தவறினால் விட்ட டோஸிலேயே தொடரக்கூடாது. நான்கிலிருந்து ஏழு நாள் விட்டால் ஏற்றாமல் அதே டோஸ். ஒன்றிரண்டு வாரம் விட்டால் கால்பங்கு குறைக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்று வாரம் என்றால் பாதி. அதற்கு மேல் போனால் மறுபடி தொடக்கத்திலிருந்து. ஊருக்குப் போய்வந்த ஆள் இதைச் சொல்லாமல் உள்ளே நுழைவதுதான் கொப்புளத்துக்கு நேர்வழி.

போகும் முன் சில விஷயங்கள். சாலிசிலிக் ஆசிட் களிம்பு யுவியைத் தடுக்கும், அதைச் சிகிச்சைக்குப் பிறகு பூசவும். சொரியாசிஸ் செதில் தடித்திருந்தால் உள்ளே போவதற்கு முன் மெல்லியதாக மினரல் ஆயில் தடவினால் ஒளி உள்ளே இறங்கும். வாஸ்லினைக் கெட்டியாக அப்பினால் அது திரையாகிவிடும். வாசனைத் திரவியம் வேண்டாம். டாக்ஸிசைக்ளின், தயாசைடு வகை பிரஷர் மாத்திரை போன்றவை ஒளிக்கூச்சம் தரும், எடுத்தால் சொல்ல வேண்டும். ஆண்கள் பிறப்புறுப்பை மூடிக்கொள்ள வேண்டும். முகத்தில் நோய் இல்லாதவர்கள் முகத்தையும். எப்போதும் ஒரே அளவு உடையில் நிற்கவும். ஒரு நாள் ஜட்டி, மறுநாள் அதைவிடச் சின்னது என்றால், அதுவரை ஒளி படாத அந்த ஒரு விரல் அகலத் தோல் முழு டோஸை முதல்முறையாக வாங்கும்.

வெண்புள்ளியில் பலன் தெரிவது அழகான காட்சி. திட்டு முழுவதும் ஒன்றாகக் கருக்காது. மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் கடுகளவில் பழுப்புப் புள்ளி முளைக்கும். வாரங்கள் போகப்போக அவை விரிந்து ஒன்றையொன்று தொடும். நிறம் கொடுக்கும் செல்கள் மயிர்க்காலில்தான் ஒளிந்திருக்கின்றன. அதனால் முகம், கழுத்து நன்றாகத் திரும்பும். விரல் நுனி, மணிக்கட்டு, பாதம், உதடு பிடிவாதம் பிடிக்கும். திட்டின் மேல் முடியும் நரைத்திருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளவும். பத்து சிட்டிங்கில் ஒன்றும் தெரியவில்லை என்று விடக்கூடாது. குறைந்தது மூன்று மாதம் பார்க்க வேண்டும். மெதுவாகப் பதில் சொல்லும் உடம்புகளுக்காக 72 சிட்டிங் வரை காத்திருந்து பார்ப்பதும் நிபுணர் பரிந்துரையில் உண்டு.

திட்டு நாலைந்துதான் என்றால் முழு உடம்பையும் பெட்டிக்குள் நிறுத்த வேண்டியதில்லை. 308 நானோமீட்டர் எக்ஸைமர் கருவி, நோய் இருக்கும் இடத்தில் மட்டும் அடிக்கும். வாரம் இரண்டு மூன்று முறை, ஆனால் அடுத்தடுத்த நாளில் கூடாது. பூவா என்ற பழைய முறையில் ஒளிக்கூச்சம் தரும் சோராலன் மாத்திரை போட்டுவிட்டு யுவிஏ ஒளியில் நிற்க வேண்டும். குமட்டல், நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி, நீண்ட காலத்தில் தோல் புற்று அபாயம். நேரோபேண்ட் வந்தபின் இது இரண்டாம் வரிசைக்குப் போனது நியாயமே.

பருத் தழும்பு

முதலில் தழும்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஊசியால் குத்தியது போல் ஆழமான குறுகிய குழிக்கு எந்த ஃப்ராக்‌ஷனல் லேசரும் அடி வரை எட்டாது. அடர்த்தியான டிசிஏ அமிலத்தைக் குழிக்குள் மட்டும் புள்ளி வைப்பதோ, பஞ்ச் என்ற சின்ன வட்டக் கத்தி வைத்து எடுப்பதோதான் அதற்கு வழி. அலை அலையாகப் பள்ளம் விழுந்த தழும்பை அடியில் நார் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஊசியால் அந்த நாரை அறுத்துவிடாமல் மேலே எத்தனை முறை சுட்டாலும் இழுவை இருக்கும். சுவர் வைத்த பெட்டிக் குழிகளுக்குத்தான் கார்பன் டை ஆக்சைடு ஃப்ராக்‌ஷனல் லேசர், 10,600 நானோமீட்டர், உண்மையாக உதவுகிறது. மூன்றையும் கலக்காமல் ஒரே லேசரில் எல்லாம் சரியாகும் என்பவர் கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை.

ஃப்ராக்‌ஷனல் என்றால் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை வரிசையாகப் போட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைப்பது. அந்த நல்ல தோல்தான் துளையை ஆற்றும். கருமையான தோலில் துளைகளின் ஆழத்தைக் கூட்டலாம், நெருக்கத்தைக் கூட்டக்கூடாது. கருமை படிவது நெருக்கத்தால்தான் அதிகம். நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் மூன்று நான்கு சிட்டிங். முதல் நாள் வீக்கம், பிறகு உப்புத்தாள் தேய்த்தது போல் பழுப்புப் பொருக்கு, ஐந்து முதல் ஏழு நாளில் உதிரும். பிய்த்தால் அங்கே கறை நிச்சயம். உதட்டில் அடிக்கடி ஹெர்பீஸ் வைரஸ் கொப்புளம் வருபவர்கள் முன்பே சொன்னால் வைரஸ் மாத்திரை தருவார்கள். பலன் முழுதாகத் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். பாதி அளவு மேம்பட்டால் அது வெற்றி என்று வைத்துக்கொள்ளவும்.

பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தால் ஆறு மாதம் லேசர் கூடாது என்ற பழைய விதி இப்போது தளர்ந்திருக்கிறது. ஃப்ராக்‌ஷனல் லேசருக்கும் முடி நீக்கத்துக்கும் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்பதே 2017-க்குப் பிந்தைய கருத்து. முகத் தோலை முழுதாக உரிக்கும் லேசருக்கு மட்டும் காத்திருப்பு இன்னும் உண்டு.

புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது தழும்புக்கு லேசர் அடிப்பது ஒழுகும் கூரைக்குக் கீழே சுவருக்கு வெள்ளையடிப்பது. பருவுக்கே ஒளி என்றால், 415 நானோமீட்டர் நீல ஒளி பரு பாக்டீரியாவுக்குள் ஒளியை விழுங்கும் போர்ஃபிரின் என்ற பொருளைத் தாக்கும். மிதமான பருவுக்குக் கொஞ்சம் உதவும், நிறுத்தினால் திரும்பும். எண்ணெய்ச் சுரப்பியையே குறிவைக்கும் 1726 நானோமீட்டர் லேசர் 2022-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்கு அது கவனிக்கத்தக்கது.

டாட்டூ

கறுப்பு மை நன்றாகப் போகும், 1064-ல். சிவப்புக்கு 532. பச்சையும் நீலமும் 755 அல்லது 694 கேட்கும், அது இல்லாத கிளினிக்கில் பச்சை இலை மட்டும் கையில் மிஞ்சும். மஞ்சள் பிடிவாதக்காரன். வெள்ளை மை, தோல்நிற மை, உதட்டில் போட்ட நிரந்தர லிப்ஸ்டிக் ஆகியவற்றில் டைட்டானியம், இரும்பு ஆக்சைடு இருக்கும். லேசர் பட்ட மறுகணமே கறுத்துவிடும். ஒரு மூலையில் ஒரே ஒரு ஷாட் அடித்துப் பார்க்காமல் இவற்றைத் தொடக்கூடாது.

அடித்தவுடன் மை மேல் உறைபனி மாதிரி வெண்மை படரும், அரைமணிக்குள் மறையும். அதுதான் சரியான அடி. மையை லேசர் உடைக்கிறது, அள்ளிப் போவது உடம்பின் செல்கள். அதற்கு நேரம் வேண்டும், ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் அடுத்த அடி வீண். தொழில்முறை டாட்டூவுக்குப் பத்து சிட்டிங் வரை, சில சமயம் மேலும். கணுக்காலில் இருப்பது கழுத்தில் இருப்பதைவிட மெதுவாகப் போகும்.

டாட்டூ அல்லாத இன்னொரு கறை: ரத்தக் குழாய்களால் பிறவியிலேயே வரும் சிவப்பு ஒயின் கறைக்கு 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் இன்றும் முதல் தேர்வு. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கினால் குறைந்த சிட்டிங்கில் அதிகம் வெளுக்கும். 'பெரியவளானதும் பார்க்கலாம்' என்று தள்ளுவது நஷ்டம். அடித்தபின் ஒன்றிரண்டு வாரம் ஊதா நிறக் கன்றல் இருக்கும், அது எதிர்பார்த்ததே.

கிளினிக்கில் கண் வைக்க வேண்டியவை

கண்ணாடி முதலில். லேசருக்கு லேசர் கண்ணாடி வேறு. எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கும். 532-க்கு உரிய ஆரஞ்சுக் கண்ணாடி 755-ஐத் தடுக்காமல் போகலாம். புருவத்துக்குக் கீழே, எலும்பு விளிம்புக்கு உள்ளே, முடி நீக்க லேசர் அடிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அடிக்க ஒப்புக்கொள்பவரிடம் போகவும் வேண்டாம். கருவிழிப் படலத்திலும் மெலனின்தான் இருக்கிறது.

ஹேண்ட்பீஸ் நுனிக் கண்ணாடியை நடுநடுவே துடைக்கிறார்களா என்று பாருங்கள். கருகிய முடித்துகள் ஒட்டியிருந்தால் அது சூடேறி ஒவ்வொரு ஷாட்டிலும் அதே இடத்தில் சின்னப் பொட்டுச் சூடு போடும். குளிர்வாயு பீச்சும் லேசரைச் சாய்த்துப் பிடித்தால் குளிரும் ஒளியும் விலகிப் பிறை வடிவில் கருமை விழும்.

மரப்புக் கிரீம் விஷயம் அற்பமாகத் தோன்றும், அல்ல. லிடோகெய்ன் கிரீமை இரண்டு கால் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மணிக்கணக்கில் வைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பும் இதயக் கோளாறும் வரும், உயிரும் போயிருக்கிறது. சின்ன இடத்துக்கு, சொன்ன அளவு, சொன்ன நேரம், அதுவும் கிளினிக்கிலேயே.

டெஸ்ட் பேட்ச் போட்டு மறுநாளே பேக்கேஜ் தொடங்கினால் பாதிதான் சோதனை. கொப்புளம் ஓரிரு நாளில் தெரியும், கருமை படிவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். சூடுபட்டுக் கொப்புளித்தால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் ஆற்றி, வாஸ்லின் தடவி, கொப்புளத்தை உடைக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐஸ் கட்டியை நேராக வைத்து அழுத்த வேண்டாம்.

வீட்டுக் கருவிகள்

வீட்டு ஐபிஎல் வெளுத்த தோல், கறுத்த முடி என்ற சேர்க்கைக்கு மட்டும். நுனியில் இருக்கும் நிற சென்சார் கருமையான தோலில் ஃபிளாஷைப் பூட்டிவிடும். உள்ளங்கைப் பக்கம் வைத்து அதை ஏமாற்றிவிட்டுக் காலுக்கு நகர்த்தும் தந்திரம் ஒன்று உலாவுகிறது. பூட்டு போட்டது கால் பொசுங்கக்கூடாது என்பதற்காகத்தான். எல்இடி முகமூடியில் 633, 830 என்ற எண்கள் பெட்டியில் இருக்க வேண்டும், வெறும் 'ஏழு வண்ணம்' என்று இருந்தால் அது அலங்கார விளக்கு. பத்து நிமிடம், வாரம் நாலைந்து நாள், மூன்று மாதம் பார்க்கலாம். மங்கு உள்ளவர்கள் முகமூடி முகத்தைச் சூடேற்றுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யவும்.